மாட்டுக்கிட்ட பேசுற பேச்சு

அந்தக் கடைசி ஊட்டுக்காரி சொல்றத நம்பாத சரசு. அவள மாடு ஒதைச்சிடுச்சாம். ஊர்க் கண்ணு பட்டுடுச்சாம். அதனாலதான் பாலும் கொறஞ்சி போச்சாம். தெரு முழுக்க சொல்லிக்கிட்டுத் திரியிறா. கண்ணும் படல, மண்ணும் படல. நேத்து நான் வாய்க்காலுக்குப் போவ சொல்ல பாத்தேனே. கறந்துக்கிட்டு இருக்கா, காதுக்கும் தோளுக்கும் நடுவுல செல்லு. அக்காக்காரிகிட்ட பேசுறா போலருக்கு. யாரு ஊட்டு வளைகாப்புக்கோ என்னா பொடவ கட்டுறதுன்னு பேச்சு. திடீர்னு "அய்யய்யோ, அப்படியா!"ன்னு ஒரு கத்து கத்துனா பாரு. வாய்க்கால்ல நின்ன எனக்கே தூக்கிவாரிப் போட்டுது. மடிக்கிட்ட தலைய வச்சிக்கிட்டு கத்துனா மாடு என்னாடி பண்ணும்? ஒதைக்காம மடியில போட்டுக் கொஞ்சுமா?

சிரிக்காதீங்க. ஒக்காருங்க மூணு பேரும். சரசு, அந்த சாக்க இழுத்துப் போட்டுக்க. நீங்க மூணு பேரும் குழுவுல லோனு போட்டு மாடு புடிச்சிட்டீங்க, சொசைட்டிக்குப் பால் ஊத்த ஆரம்பிச்சிட்டீங்க. "பெரிம்மா, எதுனா சொல்லிக் குடுங்க"ன்னு கேக்குறீங்க. காம்பு எப்படிப் புடிக்கிறது, புண்ணாக்கு எவ்ளோ ஊற வைக்கிறதுன்னு நான் சொல்லப் போறதில்ல. அத மாட்டு டாக்டரு சொல்லுவாரு, பத்து நாளு போனா ஒங்க கையே சொல்லும். நான் எழுதப் படிக்கத் தெரியாதவ. சொசைட்டி அட்டையில என்னா எழுதியிருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது நான் பண்ண தப்பு. அத வேணும்னா சொல்றேன்.

மாட்டுக்கிட்ட பேசுறது வேற. மாட்ட வச்சிக்கிட்டு வேற யாருகிட்டயோ பேசுறது வேற. மொதல்ல இத நல்லா மனசுல வாங்கிக்கிங்க. ஏன்னா நான் பேசிப் பேசிக் கெட்டவ. அப்பறம் அதே பேச்சாலதான் பொழச்சேன்.

எங்க ஊட்டுக்காரரு போயி சேந்தாரு பாரு, அதுக்கு மறுவருசம் எம் மாடு ராசாத்திய புடிச்சிக்கிட்டு வந்தோம். அப்ப கன்னு போடாத கெடேரி. சேத்தியாத்தோப்பு பக்கத்துல ஒரு பெரியவரு வித்தாரு. பேரெல்லாம் கேட்டுக்கல. கயித்த என் கையில குடுக்க சொல்ல அவுரு சொன்னாரு, "மடியப் பாத்து கறக்காதம்மா, காதப் பாத்து கற. காது வெறைச்சிக்கிட்டு இருந்தா நீ எவ்ளோ இழுத்தாலும் அது பால அடக்கிக்கும். காது தளந்து தொங்கட்டும், அப்பறம் கைய வையி"ன்னாரு. சொல்லிட்டு மாட்டு முதுவத் தடவி ஒரு நிமிசம் நின்னாரு. எனக்கே பாவமா போச்சி. "நான் பாத்துக்கிறேன் போங்க"ன்னேன். திரும்பிப் பாக்காம போயிட்டாரு. அவுரு சொன்ன மாதிரி அத்தன வெவரமா இன்னிக்கி வரைக்கும் யாரும் எனக்கு ஒண்ணு சொன்னதில்ல.

எங்க ஊட்டுக்காரரு இருக்க சொல்ல, ராத்திரி சோத்துக்கு ஒக்காந்தாருன்னா நான் பேசிக்கிட்டே இருப்பேன், அவுரு "ம்"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. பதில் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அந்த "ம்" ஒண்ணு போதும் எனக்கு. அவுரு போன பெறவு ஊட்டுல "ம்" சொல்ல ஆள் இல்ல. எம்மவன் குமாரு டிராக்டர் ஓட்டுறவன். வந்தா திம்பான், படுப்பான். அப்ப ராசாத்தி கன்னு போட்டுது. காலையில ஒரு கறவை, சாயந்திரம் ஒரு கறவை. பக்கத்துல ஒக்காந்தா அதுபாட்டுக்கு அசை போட்டுக்கிட்டு, மூச்சு உட்டுக்கிட்டு, அப்பப்ப ஒரு "ம்ம்"முன்னு முனகும். எனக்கு அது போதுமா இருந்துச்சி. அன்னிக்கி நடந்தது எல்லாத்தையும் அதுகிட்ட கொட்டிடுவேன். யாரு ஊட்டு ஆடு நம்ம உளுந்துல மேஞ்சிது, சொசைட்டியில யாரு தண்ணி கலந்தா, எல்லாம். நான் பேச ஆரம்பிச்ச ஒடனே காது ரெண்டும் தொங்கிடும். பால் சும்மா சொர்ருன்னு எறங்கும்.

அப்பறம் குமாருக்குக் கல்யாணம் பண்ணேன். எம்மருமவ மலரு அண்ணாகிராமத்துப் பக்கம். முந்திரி, பலா எல்லாம் நெறைஞ்ச ஊரு. நெலம்னா செம்மண்ணு. நம்ம சேத்துல எறங்கவே அந்தப் பொண்ணு மொத மாசம் வழுக்கி வழுக்கி விழும். சின்ன வயசுலேருந்து முந்திரிக்கொட்டை ஒடைச்ச கை. அந்த எண்ணெ பட்டு வெரல் நுனியெல்லாம் கருத்துக் கெடக்கும். வந்த புதுசுல ஒரு நாளு மாட்டுக் கொட்டாய்க்கு வந்து நின்னுக்கிட்டு, "அத்த, நான் கறந்து பாக்கட்டுமா?"ன்னு கேட்டா.

நான் என்னா சொல்லியிருக்கணும்? "வாடி, ஒக்காரு"ன்னு சொல்லியிருக்கணும். நான் சொன்னேன், "போடி, முந்திரிக்கொட்டை ஒடைச்ச கையால தொட்டின்னா மாட்டுக் காம்பு வெந்து பூடும்"ன்னேன். வெளையாட்டாத்தான் சொன்னேன். ஆனா முழுசும் வெளையாட்டு இல்ல. எனக்கு ஒரு பெருமை. ராசாத்தி எங்கையத் தவர வேற கைக்குக் கறக்காது. குமாரு தொட்டாலும் கறக்காது. தெருவுல எல்லாருகிட்டயும் அதச் சொல்லிச் சொல்லி மாஞ்சி போவேன். ஊட்டுல அடுப்படி மருமவ கைக்குப் போயிடுச்சி, பொட்டி சாவி போயிடுச்சி. இந்த ஒண்ணாவது எங்கிட்ட இருக்கட்டுமேன்னு ஒரு நெனப்பு. மலரு அதுக்கப்பறம் கேக்கவே இல்ல.

நான் என்னா பண்ணேன்? தெனம் ரெண்டு வேளை கறக்க சொல்ல அவளப் பத்தியே மாட்டுக்கிட்ட சொல்ல ஆரம்பிச்சேன். மருமவ வந்துட்டா வேற என்னாடி சேதி இருக்கும் மாமியாளுக்கு? கொழம்புல புளிய அள்ளிக் கொட்டுறா. டிவி முன்னாடி ஒக்காந்தா எழுந்திரிக்கிறதில்ல. அப்பதான் கவர்மெண்டுல எல்லா ஊட்டுக்கும் கலர் டிவி குடுத்திருந்தாங்க. ஆத்தா ஊட்டுக்குப் போனா நாலு நாளுன்னு சொல்லிட்டு ஆறு நாளு. இப்படிப் போவும் பேச்சு. கடைசியா ஒண்ணு சொல்லுவேன், அத இப்ப சொல்லல, பெறவு சொல்றேன்.

இந்த நேரத்துல எனக்குக் கண்ணுல பொரை. ரெண்டு கண்ணுலயும். ஒரு நாளு நாத்தங்கால்ல செவப்பு மாடு மேயுதுன்னு கம்ப எடுத்துக்கிட்டு, "ஏய், ஏய், எவ ஊட்டு மாடுடீ"ன்னு கத்திக்கிட்டு ஓடுனேன். ஓங்கி ஒரு அடி வச்சேன். பாத்தா மலரு வேலியில காயப்போட்ட பொடவ. அவ பின்னாடியே ஓடியாந்தவ, வாயில துணிய அடச்சிக்கிட்டு சிரிக்கிறா. "அத்த, அது கட்டிப் போட்ட மாடுதான், உட்டுடுங்க"ங்குறா.

அப்பவே குமாரு சொன்னான், கண்ணு கேம்ப்பு போடுறாங்க, போயி ஆப்பரேசன் பண்ணிக்கன்னு. நான் மூணு கேம்ப்பு தள்ளிப் போட்டேன். "நான் போயிட்டா மாட்ட யாரு கறக்குறது?"ன்னுவேன். அதச் சொல்ல சொல்ல உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கும். கறக்க எனக்குக் கண்ணு வேணாம், கையே பாத்துக்கும். நாலாவது கேம்ப்புல டாக்டரம்மா வெளக்கு அடிச்சிப் பாத்துட்டு, "இதுக்கு மேல உட்டா ஒண்ணும் பண்ண முடியாதும்மா"ன்னுட்டாங்க. அப்பதான் வேன் ஏறினேன். ராசாத்தி அப்ப ரெண்டாவது கன்னு போட்டு இருவது நாளு. கறவைன்னா கறவை, சொம்பு சொம்பா கறக்குற நேரம். நான் என்னா கணக்கு போட்டேன்னா, இன்னிக்கிக் காலையில கறந்துட்டுப் போறேன், ரெண்டு நாள்ல வந்துடுவேன், நடுவுல கன்னு குடிச்சிக்கட்டும், வந்து கறந்துக்கலாம்னு.

ஆப்பரேசன் முடிஞ்சி கடலூர்லேருந்து அனுப்ப சொல்ல நர்சம்மா வரிசையா சொல்றாங்க. தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாது. அடுப்புப் பொகையில நிக்கக் கூடாது. தும்மக் கூடாது. வெயிட்டு தூக்கக் கூடாது. அழக் கூடாது. ஒரு மாசத்துக்குக் குனியக் கூடாது. நான் "அம்மா, மாடு கறக்கலாமா?"ன்னேன். அந்தம்மா என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "கண்ணு வேணுமா, மாடு வேணுமா?"ன்னாங்க. என்னாடி இது, ரெண்டும் வேணும்னுதான வந்தேன்.

ஊட்டுக்கு வந்து எறங்குனா, வாசல்லயே குமாரு நிக்கிறான், நொண்டிக்கிட்டு. என்னாடா காலுன்னேன். தரையப் பாக்குறான். மலருதான் சொன்னா. மொத நாளு சாயந்திரம் ராசாத்தி யாரையும் கிட்ட சேக்கல. சரின்னு கன்னு வயிறு முட்டக் குடிக்க உட்டாங்க. அவ்ளோ பாலு கன்னுக்கு ஆவுமா? விடிஞ்சா கன்னுக்குக் கழிச்சல். நிக்க முடியாம படுத்துக்கிச்சி. மறுநாளு குமாருக்கு யாரோ டிராக்டர்காரன் ஒருத்தன் யோசனை சொல்லியிருக்கான், "ஒங்கம்மா பொடவயக் கட்டிக்கிட்டுப் போயி ஒக்காரு, வாசனைக்குக் கறந்துடும்"னு. இவன் என் பச்சைப் பொடவய லுங்கிக்கு மேலயே சுத்திக்கிட்டு, முக்காடு வேற போட்டுக்கிட்டு போயிருக்கான்.

"முக்காடு எதுக்குடா போட்ட?"ன்னேன்.

"மீசை தெரியும்ல"ங்குறான்.

மாடு ஒரு மோப்பம் புடிச்சிதாம். பீடியும் டீசலும் நாறுற ஆத்தாள அதுக்குத் தெரியாதா? உட்டுது ஒண்ணு. பக்கெட்டு ஒரு பக்கம், பொடவ ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். மலரு இதச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள சிரிப்ப அடக்க முடியல. எனக்கும் வந்துடுச்சி. "சிரிக்காதீங்க அத்த, கண்ணு குலுங்கும்"னு அவளே என் மொவத்தப் புடிச்சிக்கிட்டா.

ஆனா கொட்டாய்க்குள்ள போனதும் சிரிப்பெல்லாம் போச்சி. ஒரு கண்ணுல கட்டு, இன்னொரு கண்ணுல பொரை. அதனால கையால தடவித்தான் பாத்தேன். மடி கல்லு மாதிரி இருக்கு. சூடா இருக்கு. தொட்டா மாடு சிலிர்த்துக்குது. ஒன்றரை நாளா தீனி எடுக்கல. இன்னிக்கிப் பொழுதுக்குள்ள பால் எறங்கலன்னா மடிநோவு வந்துடும். மடிநோவு வந்து காம்பு செத்துப் போச்சின்னா மாடு போனதுக்கு சமானம். கன்னு ஒரு மூலையில துவண்டு கெடக்கு. அத மறுபடி ஊட்ட உடவும் முடியாது.

குமாரு சொல்றான், "பால் ஊசி ஒண்ணு கெடைக்குமாம், போட்டா ஒடனே எறங்கிடும், வாங்கியாரட்டா?"ன்னு. இங்கதான் நீங்க கவனிக்கணும். அவசரத்துல எதையாச்சும் பண்ணிடலாம்னு தோணும். நான் வேணாம்னேன். இன்னிக்கி ஊசிக்குக் கறந்தா நாளைக்கும் ஊசிதான் கேக்கும், அந்த மாட்டு மனசு அதோட மூடிக்கும். டாக்டரு சொல்லாம எவன் சொன்னாலும் அத தொடாதீங்கடி.

"கட்டு மேல துண்ட இறுக்கிக் கட்டு. நான் ஒரு நிமிசம் குனிஞ்சி கறந்துடுறேன்"னு சொல்லிட்டு நான் சொம்ப எடுத்தேன்.

மலரு குறுக்க வந்து நின்னா. அதுவரைக்கும் அவ என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்ல. "அத்த, நீங்க குனிஞ்சீங்கன்னா நான் இப்பவே பஸ்சு ஏறி எங்கம்மா ஊட்டுக்குப் போயிடுவேன். நாலு நாளும் இல்ல, ஆறு நாளும் இல்ல. வரவே மாட்டேன்."

எனக்கு சுருக்குன்னுது. நாலு நாளு, ஆறு நாளுன்னு இவளுக்கு எப்படித் தெரியும்? ஆனா அப்ப யோசிக்க நேரமில்ல.

அவளே குமார்கிட்ட பிளாஸ்டிக் சேர எடுத்தாரச் சொன்னா. கொட்டாய்க்குள்ள, மாட்டுத் தலைமாட்டுல போட்டு என்னை நேரா ஒக்கார வச்சா. வெதுவெதுன்னு தண்ணி கொண்டாந்து துணிய முக்கி மடிக்கு ஒத்தடம் குடுத்தா. கையக் கழுவிட்டு, நான் ஒக்கார்ற எடத்துலயே ஒக்காந்தா. "நான் கைய வைக்கிறேன். நீங்க பேசுங்க"ன்னா.

"என்னாத்தடி பேசுறது?"

"எப்பவும் பேசுவீங்கள்ல."

நான் தொண்டைய கனைச்சிக்கிட்டு, "ராசாத்தி... நல்லா இருக்கியாம்மா... ஒடம்பு சொகமா..."ன்னேன். எனக்கே கேவலமா இருந்துச்சி. சம்பந்தி ஊட்டுக்காரங்கள விசாரிக்கிற மாதிரி இருந்துச்சி. எனக்குத்தான் கண்ணு தெரியலையே. "காது எப்படிடி இருக்கு, பாத்து சொல்லு"ன்னேன்.

"கம்பு மாதிரி நிக்கிது. அத்த, இது ஒங்க பேச்சு இல்ல. புளிய சொல்லுங்க."

"எந்தப் புளி?"

"'கொழம்புல புளிய அள்ளிக் கொட்டுறா, அவ அப்பன் என்னா புளியந்தோப்பா வச்சிருக்கான்'னு சொல்லுவீங்கள்ல. அந்தப் புளி."

"ஒனக்கு எப்படிடி..."

"கொட்டாய் பின்னாடிதான அத்த நான் தெனம் ஏனம் பாத்திரம் வெளக்குறேன். ரெண்டு வருசமா கேக்குறேன். எனக்கு மனப்பாடம். நீங்க சொல்லுங்க, மாட்டுக்கு வலிக்கிது."

வெளிய குமாரு சிரிக்கிறான். "நீ போடா அந்தாண்ட!"ன்னு ஒரு சத்தம் போட்டேன். வேற வழியில்ல. ஆரம்பிச்சேன். மருமவ மாட்டு மடியில கைய வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கா, நான் அவளப் பத்தியே மாட்டுக்கிட்ட வத்தி வைக்கிறேன். ஒலகத்துல எந்த மாமியாளுக்காச்சும் இந்த மாதிரி ஒரு நேரம் வந்திருக்குமாடி? புளி சொன்னேன். டிவி சொன்னேன். அவ அங்கேருந்து எடுத்துக் குடுக்குறா, "சோத்துல கல்லு கெடந்தது உட்டுட்டீங்க"ங்குறா. எனக்குப் பழைய வேகம் வந்துடுச்சி. "ஆமாண்டி ராசாத்தி, கல்லு பாரு, பல்லு போச்சி எனக்கு"ன்னேன்.

"ஒரு காது எறங்கிடுச்சி அத்த"ன்னா. "நிறுத்தாதீங்க."

ஆனா பேச்சு தெனம் போயி சேர்ற எடத்துக்கு வந்துடுச்சி. பெறவு சொல்றேன்னு சொன்னேன்ல, அது இதுதான். தெனம் கடைசியா நான் மாட்டுக்கிட்ட சொல்றது, "ரெண்டு வருசமாச்சி, நீ அடுத்த கன்னே போட்டுட்ட, எம்மருமவ வயித்துல ஒண்ணும் தங்கல"ன்னு. அத எப்படிடி அவ மொவத்துக்கு நேரா சொல்லுவேன்? நிறுத்திட்டேன்.

"அவ்ளோதாண்டி"ன்னேன்.

"இல்ல. இன்னும் ஒண்ணு இருக்கு."

அவ மாட்டு வயித்துல நெத்திய சாச்சிக்கிட்டா போலருக்கு, கொரல் அமுங்கி வந்துச்சி. எங்கிட்ட பேசல. மாட்டுக்கிட்ட பேசுறா.

"ராசாத்தி, ஒங்கம்மா மீதிய சொல்ல மாட்டேங்குறாங்க. நான் சொல்றேன் கேளு. போன வருசம் ஒண்ணு வந்துச்சி. நாப்பது நாளு. நடவு நேரம். நாத்துக்கட்ட தூக்கிக்கிட்டு வரப்புல வர சொல்ல வயித்த வலிச்சிது. அதோட போச்சி. ஒங்க அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். அம்மாகிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன். நாமதான நாத்து தூக்க அனுப்புனோம்னு நெனச்சி நெனச்சி அழுவாங்க. ஏற்கனவே கண்ணு தெரியாம இருக்காங்க."

எனக்கு அந்த நாளு ஞாபகம் இருக்குடி. நடவன்னிக்கி மத்தியானமே வந்து படுத்துக்கிட்டா. அன்னிக்கி சாயந்திரம் நான் கறவைக்கு ஒக்காந்து, "நடவு நேரத்துல சொகுசா படுத்துக்கிட்டா பாரு"ன்னு மாட்டுக்கிட்ட சொன்னேன். அவ அதையும் கேட்டுக்கிட்டுதான இருந்திருப்பா, அந்தப் பக்கம்.

நான் மூக்க உறிஞ்சினேன். ஒடனே அவ, "அத்த, அழாதீங்க. கண்ணுல தண்ணி வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. மேல பாருங்க, மேல பாருங்க"ங்குறா. நான் கூரையப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன். அழ முடியாது. குனிஞ்சி அவள அணைக்க முடியாது. எழுந்து ஓட முடியாது. வாய் ஒண்ணுதான் மிச்சம்.

அப்ப நான் பேசினேன் பாரு. சத்தமா இல்ல. ராத்திரி எங்க ஊட்டுக்காரருகிட்ட பேசுவேனே, அந்தக் கொரலு. "கேட்டியா ராசாத்தி. இம்புட்டு பாரத்த இந்தப் பொண்ணு தனியா தூக்கிக்கிட்டு இருந்திருக்கு. நான் ஒரு சுடு தண்ணி வச்சிக் குடுக்கலியே. ஒரு கசாயம் வச்சிக் குடுக்கலியே. நீயாச்சும் எங்கிட்ட சொல்லக் கூடாதா? நீ பாத்துக்கிட்டுதான இருந்த. நான் பேசுற கண்டதையும் கேட்டுக்கிட்டு அசை போட்டுக்கிட்டு இருந்தியே. அவகிட்ட சொல்லு ராசாத்தி, இனிமே இந்த ஊட்டுல அவ நாத்துக்கட்டு தூக்கப் போறதில்லன்னு சொல்லு. நான் சொன்ன சொல்லெல்லாம் தண்ணியில போவட்டும்னு சொல்லு..."

எவ்ளோ நேரம் பேசினேன்னு தெரியாது. மாடு பெருசா ஒரு மூச்சு உட்டுது. அப்பறம் ஒரு சத்தம். சொம்பு அடியில "ணங்"குன்னு ஒரு பீச்சு. இன்னொண்ணு. அப்பறம் சொர்ர், சொர்ர்ன்னு. எனக்குக் கண்ணே வேணாம், அந்த சத்தம் கேட்டாலே எவ்ளோ வருதுன்னு தெரியும். மொதல்ல சில்லுன்னு அடிக்கும், நெறைய நெறைய சத்தம் அடங்கி நொரையில மெத்து மெத்துன்னு விழும். ஒரு சொம்பு ஆச்சி. குமாரு ஓடியாந்து இன்னொரு சொம்ப நீட்டுறான்.

"ரெண்டு காதும் தொங்கிடுச்சி அத்த"ன்னா. சிரிக்கிறாளா அழுவுறாளான்னு தெரியல. அவளுக்கு என்னா, அவ அழலாம், அவ கண்ணுக்கு ஒண்ணும் இல்ல.

கன்னும் தேறி எழுந்துடுச்சி, ஒரு மாசம் இப்படியே ஓடிச்சி. காலையில சேரு, சாயந்திரம் சேரு. அவ கறப்பா, நான் பேசுவேன். புளியப் பத்தி பேச்சு கொறஞ்சி போச்சி, ஏன்னா நான் ஒண்ணு சொன்னா அவ மாட்டுக்கிட்டயே எனக்கு பதில் சொல்லுவா. "ராசாத்தி, ஒங்கம்மாவ உப்பு கம்மியா திங்கச் சொல்லு, பிரஷர் ஏறிடுச்சாம்"ங்குவா. நேரா சொன்னா நான் எகிறுவேன். மாட்டு வழியா வந்தா என்னாத்த எகிறுறது?

கண்ணு நல்லா தெளிஞ்சி, குனியலாம்னு சொன்னாங்க. அன்னிக்கி நான் கையக் கழுவிக்கிட்டு ஆசையா கொட்டாய்க்கு வந்தேன். அவ ஒக்காந்திருந்தவ எழுந்து எனக்கு எடம் உட்டா. அப்பதான் அந்த வெரல மொத தடவையா நல்லா பாத்தேன், புதுக் கண்ணால. நுனியில முந்திரிக் கறை போயி, மாட்டுக் காம்பு புடிச்சி புடிச்சி தோலு பளபளன்னு ஆயிருந்துச்சி. என் வெரலும் அப்படித்தான் இருக்கும். நான் ஒக்காரல. சொம்ப அவகிட்டயே குடுத்துட்டு சேர்ல போயி ஒக்காந்துட்டேன். அன்னிக்கிதான் நான் ரிட்டேரு ஆனது. யாரும் மாலை போடல.

அதனால சொல்றேன். "எம்மாடு எனக்கு மட்டும்தான் கறக்கும்"னு ஒருத்தி பெருமை பேசினா, அவ மாட்டையும் கெடுக்குறா, தன்னையும் கெடுத்துக்குறான்னு தெரிஞ்சிக்கிங்க. மாடு வாங்குன மொத வாரமே ரெண்டு கை பழக்குங்க. மாமியாளோ, நாத்தனாரோ, புருசனோ, யாரா இருந்தாலும் சரி. சரசு, ஒம் மாமியாகிட்ட நீ பேசுறதில்லன்னு கேள்விப்பட்டேன். என்னா முழிக்கிற? கொட்டாய்க்கு ரெண்டு பேரும் போங்க. ஒருத்தருக்கொருத்தரு பேச வேணாம். மாட்டுக்கிட்ட பேசுங்க, போதும்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். மறு வருசம், ஒரு நாளு காலையில, பாதி கறந்துக்கிட்டு இருக்கா. நான் பக்கத்துலதான் மொத சொம்ப வாங்கிக்கிட்டு நிக்கிறேன். என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. மாட்டுக்கிட்ட சொல்றா, "ராசாத்தி, ஒங்கம்மாகிட்ட சொல்லிடு. இந்த தடவ நாலாவது மாசம். நல்லா நிக்கிதுன்னு நர்சம்மா சொல்லிட்டாங்க"ன்னு. நான் சொம்பு பாலையும் கொட்டிட்டேன்டி. கொட்டிட்டு அங்கயே மாட்டுக் கழுத்தக் கட்டிக்கிட்டு அழுதேன், ஆசை தீர. அப்ப யாரு என்னைத் தடுக்குறது? அதுதான் இப்ப பள்ளிக்கூடம் போறாளே, என் பேத்தி. அந்த மாட்டுக்குத்தான் மொதல்ல தெரியும் இவ சேதி.

இரு, இரு. மலரு கூப்புடுறா பாரு. "அத்த, வாங்க, காது வெறைச்சிக்கிட்டு நிக்கிது"ங்குறா. ராசாத்தி பெத்த கெடேரி அது, தலையீத்து, மொத கன்னு போட்டு அஞ்சு நாளுதான் ஆவுது. அவ கை இன்னும் பழகல, என் பேச்சுதான் பழகியிருக்கு அதுக்கு. நான் போயி ஒக்காந்தாதான் எறங்கும். என்னா பேசுறதுன்னு யோசிச்சிக்கிட்டே இருந்தேன், நல்ல வேளை நீங்க வந்தீங்க. அதுகிட்ட சொல்ல ஒங்க மூணு பேரு கதையும் இருக்கு, ஒரு சொம்பு பாலு தாராளமா வரும். அந்த சேர இப்படித் தூக்கிக் குடு சரசு.